அணைக்கரையிலிருந்து கும்பகோணம்

சாவுக்குப் பயந்துதான் நான் ஓடுகிறேன் என்று தம்பி சொல்வான். கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான். சர்க்கரை உண்டு. வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு, இதுதான் அவனுடைய நடை. சென்னையில் நாற்பது வயதுக்கு மேல் நான் ஓடத் தொடங்கியபோது சிரித்தான். அரை மாரத்தான் ஓடியபோது கவலைப்பட்டான். முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன் என்றதும் கோபம் வந்துவிட்டது. "அப்பா மாதிரி ஆயிடுமோன்னு பயந்து ஓடறேக்கா. ஓடி ஓடியே அதை வரவழைச்சுக்கப் போறே."

அவன் சொன்னதில் முதல் பாதியை நான் மறுத்ததில்லை.

அப்பா மாரடைப்பில் இறந்தபோது அவருக்கு ஐம்பத்தொரு வயது. 1991, மகாமகத்துக்கு முந்தின வருஷம். எனக்குப் பதினெட்டு, தம்பிக்குப் பதினான்கு. அப்பா சோழன் போக்குவரத்துக் கழகத்தில் டிரைவர். அன்றைக்கு அவருக்கு நெய்வேலி வண்டி, கடைசி டிரிப். வடலூர், சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி எல்லாம் தாண்டி அணைக்கரைக்கு வரும்போது இரவு பத்தரை இருக்குமாம். அதற்குப்பின் நடந்ததைக் கண்டக்டர் மாமா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் சொல்வார்.

"பாலத்துல ஏறும்போதே இடது கையால நெஞ்சைத் தேய்ச்சுவிட்டாரு பாப்பா. கியர் போடுவாரு, தேய்ப்பாரு, கியர் போடுவாரு, தேய்ப்பாரு. என்னண்ணேன்னு கேட்டேன். வாயுடா, விடுன்னாரு. திருப்பனந்தாள்ல ஒரு டீ குடிச்சுட்டுப் போலாமான்னேன். வண்டியில பொம்பளைங்க, குழந்தைங்கள்லாம் இருக்கு, நேரமாச்சுன்னுட்டாரு. ஒரு ஸ்டாப்பிங் விடலை. எல்லாரையும் இறக்கிவிட்டுத்தான் டிப்போவுக்கு வந்தாரு."

டிப்போவில் வண்டியை விட்டுவிட்டு சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தார். முனைக்கடையில் கோலி சோடா குடித்ததாகக் கடைக்காரர் பிறகு சொன்னார். விடிவதற்குள் போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாரே. அதில் துக்கத்தைவிடப் பெருமை அதிகமாக இருந்தது. தாங்கிக்கொள்கிறவன்தான் ஆண்பிள்ளை, தாங்கிக்கொள்கிறவள்தான் குடும்பப் பெண் என்ற ஊர் அது. நானும் அந்தப் பெருமையை அப்படியே வாங்கிக்கொண்டு வளர்ந்தேன். கருணை அடிப்படையில் கழக அலுவலகத்தில் அம்மாவுக்கு ஒரு வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் படித்தோம்.

அப்பாவின் வயதை நான் தாண்டிவிட்டேன். தாண்டிய வருஷத்தில், அவர் கடைசியாக வண்டி ஓட்டிய அந்தச் சாலையை ஓடிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அணைக்கரையிலிருந்து கும்பகோணம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடும் லாங் ரன் இந்த அளவில்தான் இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான் வழக்கமாக ஓடும் தூரம்தான், வேறு சாலை, அவ்வளவே என்று தம்பியிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. ஆனாலும் தன் எக்ஸெல் வண்டியில் தண்ணீர், உப்புச்சர்க்கரைக் கரைசல், பேரீச்சம்பழம், வாழைப்பழம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வருகிறேன் என்றான்.

மார்கழி கடைசி வாரம். அணைக்கரையில் நாலரை மணிக்குப் பனி இறங்கியிருந்தது. ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கீழணை இதுதான். கொள்ளிடம் இங்கே இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு திட்டை விட்டுச் செல்கிறது. அதனால் ஒன்றுக்கு இரண்டாகப் பாலம் தாண்ட வேண்டும். பழைய பாலம் குறுகல். எதிரே வண்டி வந்தால் ஒன்று நின்றுதான் இன்னொன்று போகும். அதன்மேல் காலை வைத்தபோதுதான் ஒன்று புரிந்தது. இந்த இடத்தில் அப்பாவால் நிறுத்தியிருக்கவே முடியாது. பாலத்தின் நடுவில் பஸ்ஸை நிறுத்தினால் இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். வலி வந்த இடம் அப்படி. மதகுகளில் விழும் தண்ணீரின் இரைச்சல் காதை அடைத்தது. வண்டியை மெதுவாக விடு என்று தம்பிக்குக் கையைக் காட்டிவிட்டு ஓடத் தொடங்கினேன்.

முதல் பத்து கிலோமீட்டரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குளிரில் மூச்சு சுலபமாக வந்தது. சென்னையில் டிசம்பரில்கூட ஈரக்காற்றில் வியர்வை காயாமல் உடம்பிலேயே நிற்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. இரண்டு பக்கமும் சம்பா, கதிர் முற்றிக்கொண்டிருந்தது. தம்பியின் முகப்பு விளக்கு என் நிழலை எனக்கு முன்னால் நீளமாகப் போட்டது. நெல் மூட்டை ஏற்றிய லாரி ஏதாவது வந்தால் அவன் ஹாரனை விடாமல் அடிப்பான். அவன் பயம் வீண் பயமல்ல. எண்பது வயதைத் தாண்டி, மனைவியையும் மகனையும் பறிகொடுத்த பிறகு ஓட ஆரம்பித்தவர் ஃபௌஜா சிங். 2000இல் லண்டன் மாரத்தான் ஓடினார். 2011இல், நூறு வயதுக்காரராக, டொரன்டோவில் முழு மாரத்தானை முடித்தார். 2025 ஜூலை 14 அன்று, 114 வயது என்று சொல்லப்பட்ட அந்த மனிதர், ஜலந்தருக்குப் பக்கத்தில் தன் சொந்தக் கிராமத்துச் சாலையில் வண்டி மோதி இறந்துபோனார். செய்தியைப் படித்த அன்று நான் ஓடப் போகவில்லை. ஓடினால் இத்தனை வருஷம் கூடும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. இருந்தாலும் மனைவி போன பிறகு, மகன் போன பிறகு, அந்த மனிதருக்கு அந்த முப்பது வருஷத்தைக் கொடுத்தது ஓட்டம்தான் என்றே இன்றும் நினைக்கிறேன்.

திருப்பனந்தாளை நெருங்கும்போது ஒலிபெருக்கியில் திருப்பள்ளியெழுச்சி கேட்டது. இந்த ஊர் அருணஜடேசுவரர் கோயில் லிங்கம் ஒரு காலத்தில் சாய்ந்திருந்ததாம். அரசன் யானைகளைக் கட்டி இழுத்தும் நிமிரவில்லை. குங்கிலியக் கலய நாயனார் கயிற்றின் ஒரு முனையை லிங்கத்திலும் மறுமுனையைத் தன் கழுத்திலும் கட்டிக்கொண்டு இழுத்தார். உயிர் போனாலும் விடுவதில்லை என்று அவர் இழுத்தபோது லிங்கம் நிமிர்ந்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. சின்ன வயதில் அப்பாதான் எனக்கு இந்தக் கதையைச் சொன்னார். அன்று கழுத்தில் கயிற்றோடு நிற்கும் நாயனாரைத்தான் நினைத்துப் பார்ப்பேன். இப்போது கோபுரத்தைத் தாண்டி ஓடும்போது மனம் வேறொன்றில் நின்றது. கதையில் கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார், கயிறு இறுகிக் கழுத்து அறுபடும் முன்பு நிமிர்ந்து கொடுக்கிறார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு இதே கோயிலைத் தாண்டிப் போனவருக்கு யாரும் நிமிர்ந்து கொடுக்கவில்லை. எனக்குச் சாமியின் மேல் கோபம் கிடையாது. உயிரைக் கொடுத்து இழுக்கிற கதைகளை மட்டுமே கேட்டு வளர்ந்த ஒரு மனிதருக்கு, நிறுத்திக்கொள் என்று சொல்லும் கதையை யாரும் சொல்லவில்லையே என்ற வருத்தம் உண்டு.

தம்பி தண்ணீரை நீட்டினான். வாய் கொப்பளித்துக் குடித்து, இரண்டு பேரீச்சம்பழத்தை மென்றேன். விடிந்துகொண்டிருந்தது.

பதினெட்டு, இருபது கிலோமீட்டருக்குப் பிறகு ஓட்டத்தின் தன்மையே மாறும். மூச்சு சரியாகத்தான் இருக்கும், கால் கனக்கும். தசையிலும் கல்லீரலிலுமாக நம் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை நானூறு, ஐந்நூறு கிராம்தான். முப்பது கிலோமீட்டருக்கு முன்னே பின்னே அது தீர்ந்துவிடும். கொழுப்பு எத்தனையோ நாளைக்குப் போதுமான அளவு இருக்கும், ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். மூளைக்கு வேண்டியதோ சர்க்கரை. அதனால்தான் அந்த நேரத்தில் காலோடு சேர்ந்து மனமும் சோர்கிறது. காரணமில்லாமல் அழுகை வரும். வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றும். எதற்கு இந்த வேலை என்று இருக்கும். மாரத்தான்காரர்கள் இதைத்தான் சுவரில் மோதுவது என்கிறார்கள்.

இந்தக் களைப்பைப் பற்றித் தென்னாப்பிரிக்க உடலியல் அறிஞர் டிம் நோக்ஸ் ஒரு கருத்தைச் சொல்லியிருக்கிறார். உடம்பு உண்மையிலேயே ஆபத்துக்குப் போவதற்கு வெகு முன்னாலேயே மூளை பிரேக் போட்டுவிடுகிறது, நாம் களைப்பு என்று உணர்வது அந்தப் பிரேக்கைத்தான் என்பது அவர் வாதம். அறிவியலார் இதில் ஒத்துப்போகவில்லை, இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நெடுந்தூரம் ஓடியவளாக எனக்கு இது சரியென்று படுகிறது. முடிப்பதற்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது, அதுவரை செத்துக்கிடந்த கால் எங்கிருந்தோ உயிர் பெற்று எழுவதை ஒவ்வொரு ஓட்டக்காரரும் பார்த்திருப்பார். அதனால் தொடை வலியோடு பேரம் பேசலாம். அந்தப் புளியமரம் வரைக்கும் வா, அப்புறம் பார்க்கலாம் என்று அதை இழுத்துக்கொண்டு போகலாம். அது வரும். இத்தனை வருஷ ஓட்டத்தில் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இந்தப் பேரம்தான்.

பேரம் பேசக்கூடாத வலி ஒன்றும் உண்டு. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது 1912இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஒலிம்பிக் மாரத்தான். ஜூலை 14, கடும் வெயில். போர்ச்சுகல் வீரர் ஃபிரான்சிஸ்கோ லாசரோ, லிஸ்பனில் தச்சு வேலை செய்தவர். வெயில் தாக்காமல் இருக்க உடம்பு முழுக்க மெழுகுக் கொழுப்பைப் பூசிக்கொண்டு ஓடினார் என்கிறார்கள். வியர்வைக் கண்கள் அடைபட்டன. உடம்பின் சூடு வெளியேற வழியில்லை. முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டி விழுந்தவர் மறுநாள் காலையில் இறந்தார். ஒலிம்பிக் மாரத்தானில் விழுந்த முதல் உயிர் அது. தாங்குவதற்காகவே பூசிக்கொண்ட ஒன்று, நின்றுவிடு என்று உடம்பு சொல்லக்கூடிய ஒரே வழியையும் அடைத்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் வாயு ஞாபகம் வந்தது. வாயு என்று ஒரு பெயரை வைத்துவிட்டால், அதற்குமேல் நெஞ்சு சொல்வது எதுவும் காதில் விழாது.

அதே ஓட்டத்தில் ஜப்பானிலிருந்து வந்த ஷிசோ கனகுரி என்ற இளைஞரும் இருந்தார். வெயில் தாளாமல் பாதி தாண்டியதும் தடுமாறி, வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்துக்குள் போனார். அந்த வீட்டார் குடிக்கக் கொடுத்து உபசரித்தார்கள். அவர் ஓட்டத்துக்குத் திரும்பவேயில்லை. அதிகாரிகளிடமும் சொல்லாமல், வெட்கத்தோடு ஊர் போய்ச் சேர்ந்தார். சுவீடன்காரர்கள் பல வருஷம் அவரைக் காணாமல் போனவராகவே வைத்திருந்தார்கள். 1967இல் அவரைக் கண்டுபிடித்து அழைத்து, விட்ட ஓட்டத்தை முடிக்கச் சொன்னார்கள். முடித்தார். எடுத்துக்கொண்ட நேரம் 54 வருஷம், 8 மாதம், 6 நாள், அதற்கு மேல் சில மணி நேரம். நடுவில் திருமணம் செய்து, ஆறு பிள்ளைகள் பெற்று, பத்துப் பேரன் பேத்திகளையும் பார்த்துவிட்டதாக அன்று அவர் சொன்னாராம். இடையில் 1920இல் ஜப்பானின் புகழ்பெற்ற ஹக்கோனே எக்கிடென் தொடர் ஓட்டம் தொடங்கக் காரணமாக இருந்தவரும் அவர்தான். தொண்ணூற்றிரண்டு வயது வரை வாழ்ந்தார். அவர் அந்தத் தோட்டத்துக்குள் நுழைந்திருக்காவிட்டால் இதில் ஒன்றும் இல்லை. நெடுந்தூர ஓட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் யார் என்று கேட்டால், வென்றவர்களை எல்லாம் விட்டுவிட்டு இவரைத்தான் சொல்வேன்.

அமெரிக்காவின் ஜிம் ஃபிக்ஸ் கதை இன்னும் நெருக்கமானது. 1977இல் அவர் ஓட்டத்தைப் பற்றி எழுதிய புத்தகம் லட்சக்கணக்கானவர்களைச் சாலைக்குக் கொண்டுவந்தது. அவருடைய அப்பா நாற்பத்து மூன்று வயதில் மாரடைப்பில் இறந்தவர். ஃபிக்ஸ் முப்பத்தைந்து வயதில் சிகரெட்டை விட்டு, எடையைக் குறைத்து, ஓட ஆரம்பித்தார். 1984 ஜூலை 20 அன்று வெர்மான்ட் மாநிலத்தில், தினமும் ஓடுவதுபோல் ஓடிவிட்டு, சாலையோரம் விழுந்து இறந்தார். ஐம்பத்திரண்டு வயது. பிரேதப் பரிசோதனையில் இதய ரத்தக் குழாய்களில் கடுமையான அடைப்பு இருந்தது தெரிந்தது. மருத்துவர் கென்னத் கூப்பர் டிரெட்மில் பரிசோதனைக்கு அழைத்தும் அவர் மறுத்திருந்தார். ஓடியதால்தான் செத்தார் என்று அன்றைக்கே பேசினார்கள், தம்பியும் அதையே பேசுவான். ஓடியதால் அப்பாவைவிட ஒன்பது வருஷம் கூடுதலாக இருந்தார் என்று நான் பதில் சொல்வேன். இரண்டையும் நிரூபிக்க வழியில்லை. இவர் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பரிசோதனையை மட்டும்தான். வருஷத்துக்கு ஒருமுறை நான் செய்துகொள்கிறேன். நம்மவர்களுக்கு இது முன்னதாகவே வருகிற நோய். பல நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு 53 வயதை ஒட்டி வந்திருந்தது. மற்றவர்களுக்கு 59ஐ ஒட்டி. என் வயதும் அப்பாவின் வயதும் அந்த முதல் எண்ணுக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன.

சோழபுரத்தைத் தாண்டி ஒரு வளைவில் அது வந்தது.

நடுநெஞ்சில், எலும்புக்குப் பின்னால், ஒரு இறுக்கம். விலாப் பிடிப்பு எனக்குப் பழக்கம், அது பக்கவாட்டில் குத்தும், மூச்சை மாற்றி விட்டால் போய்விடும். இது அதுவல்ல. வேகத்தைக் குறைத்தேன். குறையவில்லை. நடந்தேன். அப்போதும் இருந்தது. தொடைகள் இரண்டும் கெஞ்சிக்கொண்டிருந்தன, அவற்றை நான் பொருட்படுத்தவில்லை. காவிரிப் பாலத்துக்கு இன்னும் சில கிலோமீட்டர்தான். உள்ளே ஒரு குரல், மெதுவாகப் போனால் முடித்துவிடலாம், அப்பா முடித்தாரே என்றது. அந்தக் குரலை நான் நன்றாகக் கேட்டேன். அது என் குரல்தான், அதில் ஊர்ப் பெருமை அத்தனையும் இருந்தது.

நின்றேன். கையை உயர்த்தினேன். தம்பி வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். அவன் ஓடி நான் பார்த்தது பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு அன்றுதான்.

"நெஞ்சு இறுக்குதுடா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன். இரண்டு சொல்லில் ஒரு வாக்கியம், இன்னொரு சிறிய வாக்கியம். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல எனக்கு எத்தனை வருஷப் பயிற்சி வேண்டியிருந்தது என்பதை அந்தச் சாலையில் நின்றபோது உணர்ந்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை, குத்திக் காட்டவில்லை. 108ஐ அழைத்தான். 2008இல் வந்த சேவை அது. அப்பா இதே சாலையில் வந்தபோது அழைக்க எண்ணும் இல்லை, அழைக்க ஃபோனும் இல்லை. இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை உடனே கொடுத்து அனுப்புகிறார்கள். இதயம் காப்போம் திட்டம் என்று 2023இல் தமிழக அரசு தொடங்கியது. அணைக்கரைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், வாயு என்று சொல்லிக்கொண்டு எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. இனி ஒருவர்கூட அப்படிப் போகக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், சில மணி நேரம் கழித்து மறுபடியும் இரண்டையும் எடுத்தார்கள். எக்கோ பார்த்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் பேரீச்சம்பழமும் கரைசலும் போய், ஓட்டத்தில் குலுங்கி, அமிலம் எதுக்களித்து உணவுக் குழாயைச் சுட்டிருக்கிறது என்றார் டாக்டர். நிறுத்தியது சரிதான், இரண்டும் ஒரே இடத்தில்தான் வலிக்கும், வெளியிலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அப்பா தனக்கு வந்ததாக நம்பியது எனக்கு வந்திருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனோம். அம்மாவிடம் தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அம்மா என்னைக் கூடத்துக் கட்டிலில் படுக்கவைத்து, காலைப் பிடித்துவிட்டாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. கண்டக்டர் மாமா சொல்லும் கதையைத் தம்பி மறுபடி எடுத்தான். "அப்பாவும் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…" என்று ஆரம்பித்தான்.

"சொன்னாரு" என்றாள் அம்மா.

எங்களுக்குப் புரியவில்லை.

"ராத்திரி ரெண்டு மணி இருக்கும். என்னை எழுப்பினாரு. நெஞ்சை யாரோ மிதிக்கிற மாதிரி இருக்குன்னாரு. சுக்குத் தட்டிப் போட்டுக் கொடுத்தேன். குடிச்சுட்டு, பரவால்ல நீ படுன்னாரு. நானும் படுத்தேன். பகலெல்லாம் வேலை, கண் அசந்துட்டேன். முழிச்சுப் பாக்கறப்ப உடம்பு சில்லுன்னு இருந்துச்சு."

முப்பத்து நான்கு வருஷம். எங்களைப் படிக்கவைத்து, எனக்குக் கல்யாணம் செய்து, தம்பிக்குக் கடை வைத்துக் கொடுத்து, பேரன் பேத்திகளை வளர்த்து, இத்தனைக்கும் நடுவில் இதை அவள் ஒருத்தியாகச் சுமந்திருக்கிறாள். தாங்குவது பற்றி எனக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்தது எல்லாம் கால் தசையைப் பற்றியது.

"ஏம்மா சொல்லலை?" என்றான் தம்பி.

"எல்லாரும் ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாருன்னு பெருமையாப் பேசினாங்க. நான் எங்கே வாயைத் திறக்கறது?"

நான் எழுந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். "நீ சுக்கு கொடுத்தது தப்பில்லைம்மா. அன்னைக்கு இந்த ஊர்ல யாரா இருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பாங்க." பெரிய ஆஸ்பத்திரி அன்றும் ஊருக்குள்ளேயேதான் இருந்தது. அதனால், போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது, அம்மாவிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"தப்புன்னு நான் எங்கடி சொன்னேன்? அவரு சொன்னாருன்னு சொல்றேன். அவரு ஒண்ணும் கல்லு இல்லை. வலிச்சுது, என்னை எழுப்பி என்கிட்ட சொன்னாரு. அது உங்க ரெண்டு பேருக்கும் தெரியணும்."

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, வேறு என்ன சொன்னார் என்று கேட்டான். பதினான்கு வயதில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அம்மா யோசிக்கவேயில்லை. "வண்டியில பிரேக் பிடிக்க லேட்டாகுதாம். டிப்போவுல எழுதிக் கொடுக்க மறந்துட்டேன், காலையில மொதல் வேலையாப் போய்ச் சொல்லணும், தெரியாம வேற யாராவது எடுத்துட்டுப் போயிடப் போறாங்கன்னாரு. விடிஞ்சதும் டிப்போவுலேருந்து ஆளுங்க வந்தாங்கள்ல? அவங்ககிட்ட நான் மொதல்ல அதைத்தான் சொன்னேன். அப்புறம்தான் அழுதேன்."